நரி இருந்த இடம்

சித்தி ஒரு நரியைக் கொன்றுவிட்டாள் என்ற செய்தி பல வாய் மாறித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. அச்சகத்துக்காரர் என் தம்பியிடம் சொல்ல, தம்பி அவன் மனைவியிடம் சொல்ல, அவள் கடல் தாண்டி இருக்கும் எனக்குப் போனில் சொன்னாள். வருகிற வழியில் அதில் கொஞ்சம் ரத்தமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சித்தி நரியைக் கொன்னுட்டாங்களாம்க்கா. கையில உளியோட அப்படியே உக்காந்திருந்தாங்களாம். அத்தைகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

அத்தை என்று அவள் சொன்னது என் அம்மாவை. சித்தியின் கூடப் பிறந்த ஒரே அக்கா.

தூரத்தில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் எந்தச் செய்தியும் முதலில் வயிற்றில் இறங்கி, பிறகுதான் தலைக்கு ஏறும். கரப்பான்பூச்சியைக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டு, "போய்ட்டு வா" என்று வழியனுப்புகிற சித்தி. ஸ்கூட்டர் திரும்பவே இடமில்லாத சந்து. அங்கே நரி ஏது? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, மரக்கட்டையில் செதுக்கிய நரி என்று. தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நரியை நான் பார்த்திருந்தேன். சித்தி அனுப்பிய புகைப்படத்தில், பாதி செதுக்கிய நிலையிலேயே, அது என்னைப் பற்றி எதையோ தெரிந்துவைத்திருப்பது போலச் சிரித்தது.

விடுமுறைக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். அம்மா இருக்கும் ஊருக்குப் போகும் வழியில்தான் சித்தியின் வீடு. முதலில் அங்கே இறங்கினேன்.

சித்தி மரத்தில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பவள். மரத்தில் எதைத் தோண்டி எடுக்கிறோமோ அது காகிதத்தில் வெள்ளையாகும். எதை விட்டுவைக்கிறோமோ அதுதான் கறுப்பாக விழும். "நான் எங்கே வரையறேன்? தேவையில்லாததை எல்லாம் வெளியே அனுப்பறேன். மிச்சம் இருக்கறது தானா உக்காந்துக்குது" என்பாள். படம் இடம் வலமாக மாறி விழும் என்பதால், எழுத்துகளையும் திருப்பித்தான் செதுக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் ஒருமுறை கடைச் சாமான்களைத் துண்டுச் சீட்டில் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டாள். சித்தப்பா அதைச் சலூன் கண்ணாடி முன்னால் பிடித்துப் படித்துவிட்டுக் கடைக்குப் போனார். "நம்ம எழுத்துல 'ப' ஒண்ணுதான் நல்ல பிள்ளை. இடம் வலமாத் திருப்பினாலும் 'ப'வாவே இருக்கும்" என்பது சித்தியின் கண்டுபிடிப்பு.

படிப்பு முடிந்ததும் லேபிள் அச்சிடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். சோப்பு உறைக்கு மான், நூல்கண்டுப் பெட்டிக்குச் சிங்கம், தீப்பெட்டிக்குக் கிளி. ஊரில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறையில் சித்தியின் மிருகம் ஒன்று நனைந்துகொண்டிருந்தது. முதல் மானைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். சோப்புக்காரர்கள் கவனிக்கவில்லை. கடையில் சோப்புகளை வரிசையாக அடுக்கினால், மான்கள் எல்லாம் வாசலைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுவது போல இருக்குமாம். "அதுங்களுக்குக் குளிக்கப் பிடிக்கல, நான் என்ன பண்ண?" என்று இன்றைக்கும் கேட்பாள்.

சித்தப்பா மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பவர். அவளுடைய உருப்பெருக்கிக் கண்ணாடியின் கைப்பிடி உடைந்து, அதைச் சரிசெய்யக் கொண்டுபோன இடத்தில்தான் பழக்கம். "இவ கண்ணைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன்" என்று அவர் தொடங்கினால், கேட்கிறவர்கள் கொஞ்சம் நெகிழ்வார்கள். "ரெண்டு பக்கமும் மைனஸ் நாலு" என்று முடிப்பார்.

கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னது என் அம்மா. லேபிள் கம்பெனிக்குப் போ என்றதும் அம்மா. மாடி அறைக்கு நீலத் திரை போடு என்றதும், தலைமுடியை வெட்டாதே என்றதும், பிறகு வெட்டு என்றதும் அம்மாதான். சின்ன வயதில் அம்மா கதை சொல்வாள், சித்தி தரையில் சாக்கட்டியால் வரைவாள். ஒருநாள் கதையில் யானை ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. "கால் போதாதுடி" என்றிருக்கிறாள் அம்மா, நீளம் போதாது என்ற அர்த்தத்தில். சித்தி மறுபேச்சில்லாமல் அஞ்சாவதாக ஒரு கால் போட்டாள். எங்கள் குடும்பத்தில் அது ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. யாராவது கேள்வி கேட்காமல் தலையாட்டினால், "அஞ்சாவது கால் போடறா பாரு" என்போம். சித்தியும் சேர்ந்து சிரிப்பாள். "அக்கா சொல்லிட்டா எனக்கு யோசிக்கற வேலை மிச்சம்."

ஆனால் மரத்துக்குள் அவள் யாரையும் கேட்டதில்லை. கட்டையை மேஜைமேல் வைத்து, உளியைக் கையில் எடுத்துவிட்டால், அது அவளுடைய நாடு. அம்மா அந்த எல்லையைத் தாண்டி வந்ததே இல்லை, இந்தப் புத்தகம் வரைக்கும்.

புத்தகம் அம்மாவுடையது. பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக அம்மா தானே கட்டிச் சொல்லிவந்த மிருகக் கதைகள். ஒவ்வொரு கதைக்கும் சித்தியின் ஒரு படம், படத்துக்கு அடியில் அதே மரத்தில் செதுக்கிய ஒரு வரி. முன்பு ஒரு பதிப்பகம் இந்தக் கதைகளைப் போட வந்தபோது, அவர்களுடைய ஓவியர் முயலுக்குச் செருப்பு மாட்டிவிட்டார். "என் முயல் வெறுங்காலோடதான் ஓடும்" என்று அம்மா எல்லாக் கதைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்படிப்பட்டவள் தங்கையிடம் கொடுத்திருந்தாள். சித்தி அதற்காக லேபிள் வேலைகளை எல்லாம் தள்ளிவைத்திருந்தாள். சோப்பு கரைந்துபோனால் உறையும் குப்பைக்குப் போகும். புத்தகம் அலமாரியில் நிற்கும்.

நான் போய்ச் சேர்ந்த மதியம் சித்தி வீட்டில் இல்லை, காகிதம் வாங்கப் போயிருந்தாள். சித்தப்பா கதவைத் திறந்து, "மேல போய்ப் படு. மிருகங்க ஒண்ணும் பண்ணாது" என்றார்.

மாடி அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, அச்செடுத்த படங்களை க்ளிப் போட்டு மாட்டியிருந்தாள். மையின் எண்ணெய் வாசனை. நீலத் திரை வழியாக வந்த வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போல இருந்தது. மின்விசிறி மிக மெதுவாகச் சுற்றியது. பாயை விரித்துப் படுத்தேன். நான் புறப்பட்டு வந்த ஊரில் அப்போது விடிந்திருக்கவில்லை. உடம்பு பாதி அங்கேயே இருந்தது.

தூங்கினேனா இல்லையா என்று இப்போதும் சொல்ல முடியாது. தலைக்கு மேலே காகிதங்கள் அசைந்தன. ஒரு படத்தில் சட்டத்தைவிடச் சிங்கம் பெரிதாக இருந்தது. ஒரு பாதமும், பிடரியின் ஓரமும் மட்டும்தான் உள்ளே, மற்றதெல்லாம் காகிதத்துக்கு வெளியே எங்கேயோ. அதற்குப் பக்கத்தில் எலி முழுதாக, ஒவ்வொரு மீசை மயிரும் தெரிய, நடுவில் உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க எலிதான் பெரியதாகத் தோன்றியது. இன்னொன்றில் அடிவானத்தை அடியோடு கீழே இறக்கி, ஒரு நத்தையை வானம் முழுக்க நடக்க விட்டிருந்தாள். ஆமையின் ஓட்டில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக விழுந்து, தொட்டால் சொரசொரக்கும் போல இருந்தன. குளத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. கொக்கின் காலைச் சுற்றி வெறும் வெள்ளை, அதுதான் தண்ணீர். விசிறிக் காற்றில் அந்த வெள்ளை அலைந்தது. மிருகங்கள் கொடியை விட்டு இறங்கி, என் கால் பக்கமாக நடந்து, திரையின் நீலத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு கூட்டம் கோழிகள் மட்டும் போகாமல் நின்றன. எல்லாம் ஒரே பக்கமாகக் கழுத்தைத் திருப்பி எதையோ பார்த்தன. நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லாத அந்த இடம் என்னைப் பார்த்தது.

எழுந்து உட்கார்ந்தேன். கொடியின் கோடியில், ஜன்னலோரம், அந்தப் படம் நிஜமாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத் தூங்கினியா?" சித்தி வாசல்படியில் நின்றாள், கையில் காகிதச் சுருள், நெற்றியில் மை. "உங்க ஊர்ல உனக்குச் சோறு போடறதில்லையா? படத்துல வெச்சா ஒரே கோட்டுல முடிஞ்சிடுவே."

நான் படத்தைக் காட்டினேன். "இதுதானா சித்தி?"

"இதுதான்."

கதை இதுதான். கோழிகளுக்கு நரியின் மேல் பயம். வேலியில் ஒரு சந்து. நரி வந்தால் அந்த வழியாகத்தான் வரும் என்று, எல்லாக் கோழிகளும் அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. இரை பொறுக்கவில்லை, தூங்கவில்லை. நாளுக்கு நாள் மெலிந்தன. ஒருநாள் நரி நிஜமாகவே வந்தது. எட்டிப் பார்த்தது. இறகும் எலும்புமாக நின்ற கூட்டத்தைக் கண்டு, "எனக்கு முன்னாடியே பயம் உங்களைச் சாப்பிட்டுடுச்சே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

படத்துக்குக் கீழே சித்தி செதுக்கிய வரி அப்படியே இருந்தது: வேலிக்கு வெளியே நின்று நரி சிரித்தது.

"கோழிக்கு நான் கோடு போடறதில்ல, கொத்தறேன்" என்றாள் சித்தி, பக்கத்தில் உட்கார்ந்து. "பாரு, அது கொத்தற மாதிரியே சின்னச் சின்னதா உளியை வெச்சு வெச்சு எடுத்தேன். மெலிஞ்ச கோழிக்குக் கொத்தும் கம்மி. ஆனா நரிக்கு மட்டும் கையைத் தூக்கக் கூடாது. மூக்குல ஆரம்பிச்சா வால்லதான் நிக்கணும். நடுவுல நின்னா அது நாய்."

"எவ்வளவு நாளாச்சு?"

"அதை ஏன் கேக்கறே. நாம இடது பக்கத்துலேருந்துதானே படிக்கறோம்? கண்ணு அங்கேருந்துதான் உள்ள வரும். அதனால நரியை வலது ஓரத்துல வெச்சேன். ஒவ்வொரு கோழியாத் தாண்டி, கடைசியிலதான் நரிகிட்ட போகணும். அதுக்குள்ள கோழிங்க எல்லாம் பார்த்தாச்சு. பார்க்காத ஒரே ஆளு படிக்கறவங்கதான்." அவள் விரல் அந்த வெள்ளை இடத்தின் மேல் தொடாமல் நின்றது. "நரி உடம்புல எத்தனை கோடு தெரியுமா? எல்லாத்தையும் ஒரு மத்தியானத்துல எடுத்துட்டேன். கட்டறதுக்குத்தான் நாளாகுது."

"எதுக்கு சித்தி எடுத்தீங்க?"

சித்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்கம்மா சொன்னா, எடுத்தேன்."

"அம்மாவா?"

"போன்ல சொன்னா. 'அந்த நரி வேண்டாம், எடுத்துடு. நரி இல்லாமலே கதை புரியும்'னா. சரிக்கான்னேன். வெச்சுட்டா."

அம்மா என்னிடமும் பேசியிருந்தாள். புத்தகம் எந்த அளவில் இருக்கிறது என்று நான் கேட்டபோது, அவள் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. 'உன் சித்தி நரியைச் சிரிக்க வெச்சிருக்கா பாரு, அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் எதுக்கு நரி சிரிச்சுதுன்னு கீழே வேற எழுதணும்? எடுக்கச் சொல்லிட்டேன்.'

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சித்தப்பா டீயோடு மேலே ஏறிவரும் சத்தம் கேட்டது.

"சித்தி," என்றேன், "நரியா, வரியா?"

"என்னது?"

"அம்மா எடுக்கச் சொன்னது வரியை. கீழே இருக்கற வரியை. 'அந்த வரி வேண்டாம், எடுத்துடு. வரி இல்லாமலே கதை புரியும்.' நரியை இல்ல சித்தி. அந்த நரி அம்மாவுக்கு உயிர்."

சித்தப்பா டம்ளர்களோடு வாசலில் நின்றுவிட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கி டீ தளும்பியது. "ஒரு எழுத்து... ஒரே ஒரு எழுத்துக்கு ஒரு உயிர் போச்சா!" சித்தியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, மேஜைமேல் கிடந்த அவளுடைய போனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். காதில் வைக்கும் பக்கத்துத் துளைகள் எல்லாம் காய்ந்த மையால் அடைபட்டிருந்தன.

"மைக் கையோட போனை எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மேஸ்திரி? இதுல 'வ'வும் வராது, 'ந'வும் வராது. சும்மா 'ரி' மட்டும்தான் வரும்."

சித்தி மேஜைப் பக்கம் போனாள். கட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தோண்டிய இடம் பச்சையாக, கறுப்பு மைக்கு நடுவில் புது மரத்தின் நிறத்தில் இருந்தது. அதன் மேல் கட்டைவிரலால் தடவினாள். "நான் ஏன்னு கேக்கவே இல்லை" என்றாள். எங்களிடம் சொன்னது போல இல்லை. "அவ்வளவு நாள் செதுக்கினதை எடுன்னு சொல்றா, ஏன்க்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. நரின்னு யாருடி சொன்னான்னு."

நானும் சித்தப்பாவும் அந்த யானையைத்தான் நினைத்தோம் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அச்சகத்துக்காரர் வந்தார். எல்லாவற்றுக்கும் அவசரம் அவசரம் என்பார் என்பதால் வீட்டில் அவர் பெயரே அவசரம். மற்றக் கட்டைகள் எல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இது ஒன்றுக்காக மெஷினை நிறுத்திவைத்திருந்தார்.

"நாளைக்குக் காலையில ஓட்டியாகணும்மா. ரொம்ப அவசரம்" என்று உள்ளே வந்தவர், என்னைப் பார்த்ததும், "ஓ, நீங்கதானா வெளிநாட்டுப் பொண்ணு?" என்றார்.

"நீங்கதானா சித்தி நரியைக் கொன்னுட்டாங்கன்னு சொன்னது?"

"ஐயய்யோ! நரியைக் காலி பண்ணிட்டாங்கன்னுதாங்க சொன்னேன். கொன்னாங்கன்னு யாரு சொன்னா? உங்க வீட்டு ஆளுங்க வாயில விழுந்தா எறும்பும் யானையாயிடும் போல."

விஷயத்தைக் கேட்டதும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவசரத்தை மறந்து அவர் உட்கார்ந்ததை அன்றுதான் சித்தப்பா முதன்முறையாகப் பார்த்தாராம்.

"நரியைத் திரும்பக் கொண்டுவரலாம்மா" என்றார். "அந்த இடத்துல துளை போட்டு, புது மரத்துண்டு ஒண்ணை இறுக்கமா அடிச்சு ஏத்தி, மட்டமா இழைச்சு, அதுல திரும்பச் செதுக்கலாம். உங்களுக்குத் தெரியாததா?"

"பல்லு அடைக்கற மாதிரி" என்றாள் சித்தி. "தெரியும். ராத்திரி உக்காந்தா ஒரு சின்ன நரி வரும். துண்டுக்குள்ள அடங்கற நரி. சுத்தி இருக்கற புல்லு பழைய நரிக்கு வளைஞ்சது. புது நரி மேல அது ஒட்டாது."

"இல்லன்னா வரியையும் எடுத்துடுங்க. அக்கா சொன்ன மாதிரியும் ஆச்சு."

"நரியும் இல்லாம, வரியும் இல்லாம? கோழிங்க எல்லாம் வரிசையா நின்னு சினிமா பார்க்கற மாதிரி இருக்கும்."

அவசரம் கொடியிலிருந்து அச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலில் வெயில் சாய்ந்து, நீலத் திரை கொஞ்சம் கறுத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது ஓரக் கோழியில் தொடங்கி ஒவ்வொன்றாக, கழுத்து கழுத்தாக, அவர் கண் நகர்வது எனக்குத் தெரிந்தது. கீழே வரியைப் படித்தார். வேலிக்கு வெளியே நின்று நரி சிரித்தது. மறுபடி மேலே போனார். வேலி, சந்து, புல். அந்த வெள்ளை. விளிம்பில் புல்லின் கோடுகள் எல்லாம் எதன் மேலோ சாய்ந்து வளைந்திருந்தன. முதுகாக இருக்கலாம். சாயங்கால வெளிச்சத்தின் ஒரு திட்டாகவும் இருக்கலாம்.

"எங்கேயோ இருக்கே..." என்று முணுமுணுத்தார். காகிதத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். திடீரென்று அதை மடியிலிருந்து தள்ளிவைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கணம்தான். உடனே வெட்கப்பட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, சும்மா இருக்கற காகிதம்."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனிதர்களைப் பார்ப்பதே கொஞ்சம் அப்படித்தான், எங்கே கனம், எங்கே வெறுமை என்று அளப்பது போல. நான் அவள் பக்கம் திரும்பியபோது, மதியத்திலிருந்து அவள் முகத்தில் இருந்த எதுவோ இடம் மாறியிருந்தது.

"நீங்களும் கோழி மாதிரியே திரும்பினீங்க" என்றாள் மெதுவாக. "நான் செதுக்கின நரி இருந்தப்போ யாரும் திரும்பல. எல்லாரும் 'நல்லா இருக்கு'ன்னாங்க. நரி உள்ள இருந்தா பயம் படத்தோட நின்னுடுது. இப்ப அது எங்கே வேணா இருக்கும்." கட்டையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "துண்டு வைக்க வேண்டாம். இப்படியே ஓட்டுங்க. ஆனா வரி இருக்கணும். வரி இருந்தாத்தான் நரியைத் தேடுவாங்க."

மின்விசிறியின் கீழே மிருகங்கள் லேசாக அசைந்தன.

"அதாவது," என்று சித்தப்பா நிதானமாக எடுத்தார், "உங்க அக்கா வேணும்னு சொன்னதை எடுத்துட்டே. வேண்டாம்னு சொன்னதை வெச்சுக்கப் போறே."

"ஆமா."

"முயலுக்குச் செருப்பு போட்டதுக்கே புத்தகத்தைத் திரும்ப வாங்கினவங்க."

"தெரியும்."

"திரும்ப வாங்கிட்டா இந்த எல்லாக் கட்டையும்..." அவர் கொடியைப் பார்த்தார். சிங்கத்தின் பாதம், நத்தையின் வானம், கொக்கு நின்ற வெள்ளை.

"அவங்ககிட்ட கேக்காம என்னால மெஷினை ஓட்ட முடியாதும்மா" என்றார் அவசரம். "கதை அவங்களுது."

"கேக்கத்தான் போறேன். கேக்கறது இல்ல, சொல்லத்தான்." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திகைத்துப்போனாள்.

"நான் பேசறேன் சித்தி" என்றேன். "நாளைக்கு நேர்லயே போறேன். மெதுவா எடுத்துச் சொல்றேன். அம்மா எங்கிட்ட அவ்வளவா..."

"வேண்டாம்டி. நீ சொன்னா அவ உன்னைத்தான் கத்துவா. என்னைக் கத்தட்டும். அதுக்கு நான் ஒரு பதில் சொல்லணும். அது எனக்கே எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

சித்தப்பா கண்ணாடிக்கு ஆணி முடுக்கும் மெல்லிய ஊசியை எடுத்துவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தார். கறுப்புத் துகள்கள் அவர் வேட்டியில் உதிர்ந்தன. வாயால் ஊதினார். துணியால் துடைத்தார். "இந்தா. இப்ப எறும்பு இருமினாக்கூடக் கேக்கும்" என்று நீட்டினார். "நீ மட்டும் தெளிவாப் பேசு. 'வரி இருக்கட்டும்'னு சொல்லப் போய் அவங்க காதுல 'நரி இருக்கட்டும்'னு விழுந்துச்சுன்னா, 'சரி இருக்கட்டும்'னு வெச்சுடுவாங்க. அப்புறம் புத்தகம் கைக்குப் போனதும் நான் ஊரை விட்டு ஓடணும்."

சித்தி அன்று முதன்முறையாகச் சிரித்தாள். சேலைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, யாருக்கும் கேட்காது என்று நினைத்த குரலில் சொல்லிப் பார்த்தாள். "வரி. வ... வரிக்கா. வரி இருக்கட்டும். நரி வேண்டாம்." மறுபடி ஒருமுறை. பிறகு இன்னொன்று, அவள் அதுவரை என் முன்னால் சொல்லி நான் கேட்டிராதது. "இல்லக்கா."

எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவசரம் எழுந்து நின்றார், பெரியவர்கள் உள்ளே வரும்போது எழுவதைப் போல. ரிங் போகத் தொடங்கியது.

அந்த நேரத்தில் அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கலாம். கதவைத் தாளிட்டுக்கொண்டு குளித்துக்கொண்டிருக்கலாம். போன் தலையணைக்கு அடியில் இருக்கலாம். அல்லது கையிலேயே இருந்து, தங்கையின் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் வேறொரு நாட்டில் பழகிப்போன அத்தனை பயங்களையும் வரிசையாக எண்ணிப் பார்த்துவிட்டு, சித்தியைப் பார்த்தேன். அவள் தரையில் கிடந்த அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த கோழிகள், வேலி, புல், அந்த வெள்ளை இடம்.

"எடுக்கலையே" என்றார் சித்தப்பா கிசுகிசுப்பாக.

"எடுப்பா" என்றாள் சித்தி. மேல் பல் கீழுதட்டில் படிய, 'வ' என்ற எழுத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு, அவள் மேஜையின் மேல் குனிந்து நின்றாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.